கபரேத்தே கடற்கரையில் பார் வாங்க நினைப்பவர்களுக்கு, என் நான்கு வருடக் கணக்கு

டொமினிக்கன் குடியரசின் வட கரையில், புவெர்த்தோ பிளாத்தா விமான நிலையத்தில் இறங்கிக் கிழக்கே போனால் முதலில் சோசுவா, அடுத்து கபரேத்தே. காற்றாடி கட்டி அலைமேல் ஓடும் கைட்சர்ஃபிங்குக்குப் பெயர்போன ஊர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கனடாக்காரர்கள் குளிருக்குத் தப்பி வந்து நிறைவார்கள். டொராண்டோவிலிருந்து நம் ஆட்களும் வருகிறார்கள். மணலில் மேசை, பத்தடியில் கடல், கையில் பனி படிந்த பீர் என்று ஒரு வாரம் இருந்துவிட்டு, "இங்கேயே ஒரு கடை போட்டால் என்ன?" என்று விசாரிக்கிறார்கள். நான் 2016 நவம்பரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பாரை 48,000 டாலர் கொடுத்து எடுத்தேன். 2020இல் மூடியபோது ஃப்ரீசர், மேசை, மிச்ச சரக்கு எல்லாம் விற்றுக் கையில் வந்தது 6,000 டாலர். எடுப்பதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவர் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பேசியிருந்தால் இந்த இழப்பில் பாதியாவது தப்பியிருக்கும். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மணல். நீங்கள் விலை பேசும்போது விற்பவர் உங்களை மேசைகள் போட்டிருக்கும் இடத்துக்கு அழைத்துப்போய், கடலைக் காட்டித்தான் விலை சொல்வார். ஆனால் 1968ஆம் ஆண்டின் 305ஆம் எண் சட்டப்படி கடல் ஏறிவரும் கோட்டிலிருந்து 60 மீட்டர் பொதுச் சொத்து. கடற்கரை பொதுமக்களுக்கு உரியது என்பது அந்நாட்டு அரசியல் சாசனத்திலும் இருக்கிறது. ஆகவே மணலில் கிடக்கும் இருபது மேசைகளுக்குப் பத்திரம் கிடையாது, அனுமதி மட்டும்தான் உண்டு. அதையும் எப்போது வேண்டுமானாலும் சுருக்கலாம். உங்களிடம் விற்கப்படுவது கூரைக்குக் கீழே உள்ள இடத்தின் வாடகை ஒப்பந்தமும், உள்ளே இருக்கும் சாமான்களும், பகடிப் பணமும் (ஓடும் கடை என்பதற்காகத் தனியாக வாங்கும் தொகை)தான். அதனால் கூரைக்குக் கீழே மட்டும் எத்தனை நாற்காலி போட முடியும் என்று எண்ணுங்கள். மணல் மேசைகள் ஒன்றுகூட இல்லாமல் அந்த நாற்காலிகளால் வாடகையும் சம்பளமும் கட்ட முடியுமா என்று பாருங்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 2017 செப்டம்பர் 7 அன்று இர்மா புயல் கரையைத் தொடாமல் வடக்கே கடலோடு போனது. கட்டடத்துக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அலை வந்து எங்களுக்கு முன்னால் இருந்த மணலை வாரிக்கொண்டு போய்விட்டது. அது திரும்பச் சேர மாதக் கணக்கானது. அதுவரை மேசை போட இடமில்லை. கட்டடக் காப்பீடு எடுத்திருந்தேன். காணாமல் போன மணலுக்கு எந்தக் காப்பீடும் இல்லை.

வாடகை ஒப்பந்தத்தில் மூன்றை மட்டும் கெட்டியாகப் பிடியுங்கள். எத்தனை வருடம் மீதி இருக்கிறது, வாடகை உள்ளூர் நாணயமான பெசோவிலா டாலரிலா, பாரை நீங்கள் இன்னொருவருக்குக் கைமாற்ற வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறாரா. மூன்றாவது இல்லாவிட்டால், பின்னால் நீங்கள் விற்கப்போகும் நாளில் பகடிப் பணத்துக்கு ஒரு பைசா மதிப்பும் இருக்காது. புது ஒப்பந்தம் யாருக்கு எழுதுவது என்பது முழுக்க வீட்டுக்காரர் கையில்தான்.

அடுத்தது வேலையாட்கள். என் பணத்தை அதிகம் தின்றது இந்த விஷயம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓடும் கடையை எடுத்தால் ஆட்களும் கூடவே வருவார்கள், பழகிய கைகள், நல்லதுதானே என்று சந்தோஷப்பட்டேன். அந்நாட்டுத் தொழிலாளர் சட்டம் (1992இன் 16-92) தெளிவாகச் சொல்கிறது: தொழில் கைமாறினால் பழைய வேலை ஒப்பந்தங்களின் கடமைகளும் புது முதலாளி தலையில் வரும். அதாவது ஆறு வருடமாக அங்கே சமைத்தவருக்கு, உங்களிடம் ஆறே வாரம் வேலை செய்திருந்தாலும், அவரை நீக்கும்போது ஆறு வருடத்துக்கான பணிக்கொடை நீங்கள் தர வேண்டும். அதை அங்கே செசந்தியா என்பார்கள்.

கணக்கு இப்படி. மாதச் சம்பளத்தை 23.83ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. மூன்று மாதம் முடிந்தால் 6 நாள் கூலி, ஆறு மாதம் முடிந்தால் 13 நாள், ஒரு வருடத்திலிருந்து ஐந்து வருடம் வரை வருடத்துக்கு 21 நாள், ஐந்து வருடத்தைத் தாண்டியவருக்கு முதல் வருடத்திலிருந்தே வருடத்துக்கு 23 நாள். இதோடு முன்னறிவிப்புக் காலம் தனி, ஒரு வருடம் தாண்டியவருக்கு 28 நாள். 15,000 பெசோ சம்பளக்காரரை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் கூலி சுமார் 629. ஆறு வருடத்துக்கு 138 நாள், முன்னறிவிப்பு 28 நாள், ஆக 166 நாள். ஒரு லட்சத்து நாலாயிரம் பெசோவுக்கு மேல் வருகிறது. அப்போது டாலர் 46 பெசோ, ஆக ஒருவருக்கே 2,200 டாலரைத் தாண்டிவிடும். எடுக்காத விடுப்பும், டிசம்பர் 20க்குள் தர வேண்டிய பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தில் அதுவரை சேர்ந்த பங்கும் இதற்கு மேல். வேலையை முடித்த பத்து நாளுக்குள் இதைக் கட்டாவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் கூலி ஏறிக்கொண்டே போகும். பழைய ஆட்கள் மூன்று பேருக்கு முதல் வருடத்திலேயே நான் கட்டியது 7,000 டாலரைத் தொட்டது. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அது அவர்கள் உழைத்துச் சேர்த்த பணம். விற்றவர் விலையில் கழித்துத் தந்திருக்க வேண்டியதை நான் கேட்காமல் விட்டேன், அதுதான் தவறு.

நீங்கள் செய்ய வேண்டியது: கை மாறும் தேதி வரைக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். தொழிலாளர் அமைச்சகமே அதற்குக் கணக்குக் கருவி வைத்திருக்கிறது. அந்தக் கூட்டுத்தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அல்லது விற்பவரே எல்லோருக்கும் பைசல் செய்து, கையெழுத்து ரசீது வாங்கித் தந்த பிறகு புது ஒப்பந்தத்தில் ஆளெடுங்கள். வாய் வார்த்தையாக "எல்லாம் கொடுத்தாயிற்று" என்பது செல்லாது. புது ஆள் என்றால் முதல் மூன்று மாதம் முன்னறிவிப்பும் பணிக்கொடையும் இல்லை. ஆளைப் பிடிக்கவில்லை என்றால் எண்பதாவது நாளில் முடிவெடுங்கள், தொண்ணூற்றைந்தாவது நாள் வரை இழுக்காதீர்கள். திருட்டு மாதிரி தக்க காரணத்தோடு நீக்கினால் பணிக்கொடை தர வேண்டியதில்லை. ஆனால் காரணம் நடந்த 15 நாளுக்குள் நீக்க வேண்டும், நீக்கிய 48 மணி நேரத்துக்குள் அமைச்சகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த 48 மணி தவறினால் உங்கள் காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது நியாயமற்ற நீக்கம்தான். கேமராப் பதிவு கையில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை என்று விட்டுவிட்டு நான் தோற்றது இதில்தான்.

தினசரிக் கணக்குக்கும் இதையே வைத்துக்கொள்ளுங்கள். 15,000 சம்பளம் என்றால் சமூகப் பாதுகாப்புக்கும் பயிற்சி நிதிக்கும் முதலாளி பங்கு சுமார் 16 சதவீதம், பதின்மூன்றாம் மாதம் 8 சதவீதத்துக்கு மேல், பணிக்கொடைக்கான ஒதுக்கு சுமார் 7, 14 நாள் விடுப்பு கிட்டத்தட்ட 5. மொத்தத்தில் அந்த ஆள் உங்களுக்கு மாதம் 20,500 ஆகிறார். பணிக்கொடைக்கான தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். கல்லாவில் இருந்தால் அது கண்டிப்பாகச் செலவாகிவிடும்.

இனி கரண்ட். அங்கே மின்வெட்டு வாழ்க்கையின் ஒரு பகுதி, நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பார்களில் வழக்கமாக இருப்பது 24 வோல்ட் இன்வர்ட்டர், அதோடு 6 வோல்ட், 225 ஆம்ப்-அவர் பேட்டரி நான்கு. தொடராகக் கோத்தால் 5,400 வாட்-அவர். பேட்டரி சீக்கிரம் சாகாமல் இருக்கப் பாதிதான் எடுக்கலாம், ஆக 2,700. ஒரு பீர் ஃப்ரீசர் சராசரியாக 300 வாட் இழுத்தால், இரண்டு ஃப்ரீசரையும் சேர்த்து நான்கு மணி நேரம். நான் எடுத்த கடையில் ஐஸ் மெஷின், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் அதிலேயே மாட்டியிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் கடையே இருண்டது. வயரிங்கை இரண்டாகப் பிரியுங்கள். விளக்கு, கல்லா, வைஃபை, பாட்டு, ஒரே ஒரு ஃப்ரீசர் இவை மட்டும் இன்வர்ட்டரில் இருக்கட்டும், மற்றவை ஜெனரேட்டருக்குப் போகட்டும். தண்ணீருக்கு மோட்டாரை நம்பாமல் கூரைமேல் ஒரு தொட்டி வையுங்கள். மின்வெட்டில் கழிப்பறைக்குத் தண்ணீர் வராத பாருக்கு ஒரு முறை வந்த குடும்பம் மறுபடி வராது. பேட்டரிகளை மூடிய அலமாரியில் வைத்திருந்தேன், மாதாமாதம் மூடி திறந்து பார்க்கவும் இல்லை. வெப்பத்தில் தண்ணீர் வற்றித் தட்டுகள் வெளியே தெரிந்தபோதுதான் கவனித்தேன். 14 மாதத்தில் நான்கும் போயின. குறையும்போது ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும், குடிக்கும் கேன் தண்ணீர் கூடாது.

கரண்ட் போவதைவிடத் திரும்பி வருவதுதான் ஃப்ரீசருக்கு ஆபத்து. வந்தவுடன் வோல்டேஜ் ஏறி இறங்கும், கம்ப்ரஸருக்குள் அழுத்தமும் இன்னும் சமமாகியிருக்காது. அந்த நிலையில் திரும்பத் திரும்பக் கிளம்பப் பார்த்து மோட்டாரின் கம்பிச்சுருள் எரியும். மூன்று முதல் ஐந்து நிமிடம் தாமதித்து இணைக்கும் வோல்டேஜ் புரொடெக்டர் ஒவ்வொரு ஃப்ரீசருக்கும் தனித்தனியாக வேண்டும். அடுத்த எதிரி உப்புக்காற்று. ஃப்ரீசரின் பின்னால் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளில் உப்பும் மணலும் ஒட்டி வெள்ளையாகப் பொடியத் தொடங்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரை மெல்லிய தூறலாகப் பீய்ச்சிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். வெளியில் போடும் திருகாணி, கீல் எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக வாங்குங்கள். 304 ரகம் கடலோரத்தில் சில மாதத்திலேயே பழுப்புப் புள்ளி காட்டும்.

இவ்வளவு கவலையும் எதற்கென்றால், அங்கே பார் என்றால் முதலில் பீரின் குளிர்தான். உள்ளூர்க்காரர் பிரெசிதெந்தே என்ற அந்நாட்டு பீர் பாட்டிலைக் கேட்பது வெண்பனி படிந்த கோலத்தில். "மணப்பெண் உடையில்" என்று பொருள்படும் ஒரு சொல்லே அதற்கு வைத்திருக்கிறார்கள். பீர் சுமார் மைனஸ் இரண்டரை டிகிரியில் உறையத் தொடங்கும் பொருள். ஃப்ரீசரை அதற்கும் கொஞ்சம் கீழே, மைனஸ் மூன்று நான்கில் வைத்து, அசைக்காமல் விட்டால் திரவமாகவே நிற்கும். எடுக்கும்போது கழுத்தைத்தான் பிடிக்க வேண்டும். நடுவில் கையால் இறுக்கிப் பிடித்தாலோ, மேசையில் டொக்கென்று வைத்தாலோ, உள்ளே மேலிருந்து கீழாக வெள்ளைப் படலம் ஓடி இரண்டு நொடியில் கூழாகிவிடும். அந்தப் பாட்டிலை விற்க முடியாது. இன்னும் கீழே இறக்கினால் இரவில் கண்ணாடி வெடிக்கும். நல்ல பரிசாரகர் கழுத்தைப் பிடித்து, துணியால் ஒரு துடைப்புத் துடைத்து, சத்தமில்லாமல் மூடியைக் கழற்றுவதை முதல் நாளே கவனித்துக் கற்றுக்கொள்ளுங்கள். காலி பாட்டில்களுக்கும் பெட்டிக்கும் முன்பணம் கட்டியிருப்பீர்கள். மணலில் எடுத்துப்போன பாட்டில் திரும்பாவிட்டால் அது உங்கள் பணம், உடைந்தால் வெறுங்காலோடு நடப்பவரின் ரத்தம். மணல் மேசைக்குப் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள்.

விலைப் பட்டியலில் பலர் சறுக்குவது வரியில். விற்பனை வரி 18 சதவீதம், அதற்குமேல் சட்டப்படியான சேவைக் கட்டணம் 10 சதவீதம். "எல்லாம் சேர்த்து 250 பெசோ" என்று பட்டியலில் எழுதினால் உங்களுக்கு மிஞ்சுவது 195. வரி 35, சேவைக் கட்டணம் 20. அந்த 20 வேலையாட்களுடையது. அதைத் தொடாதீர்கள், தனி நோட்டில் எழுதிப் பங்கிடுங்கள். கார்டு இயந்திரக் கமிஷனோ மொத்த 250க்கும் பிடிக்கப்படும். சுற்றுலாப் பயணிகளுக்கு விலைப் பட்டியலில் ஒன்று, பில்லில் வேறொன்று என்றால் கோபம் வரும். ஆகவே எல்லாம் சேர்ந்த விலையையே எழுதுங்கள், லாபக் கணக்கை மட்டும் 195இல் போடுங்கள். வரிக் கழிவு கிடைக்க வேண்டுமானால் சரக்கு, ஐஸ், சிலிண்டர் எதை வாங்கினாலும் உங்கள் வரி எண்ணோடு கூடிய அதிகாரப்பூர்வ ரசீது வேண்டும். கொள்முதல், விற்பனை அறிக்கைகள் மறுமாதம் 15க்குள், வரி 20க்குள். மாதம் ஒரு கணக்கருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

ரம் அளவையும் பாருங்கள். 700 மில்லி பாட்டிலில் 60 மில்லி ஊற்றினால் 11 கிளாஸ். கண்ணளவில் ஊற்றும் கை சாதாரணமாக 80 வரை போகும், அப்போது 8 கிளாஸ்தான். இரவுக்கு ஆறு பாட்டில் என்றால் 18 கிளாஸ் போயிற்று. ஆறு மாதம் கழித்து அளவுக் குவளையைக் கட்டாயமாக்கியபோதுதான் எனக்கே புரிந்தது. கிளாஸ் கிளாஸாக விற்பதைவிட உள்ளூர்க்காரர் விரும்புவது முழு பாட்டில் ரம், கோலா, ஒரு வாளி ஐஸ் என்று மேசைக்கு வைக்கும் "செர்வீசியோ". லாப விகிதம் குறைவு, ஆனால் வீணாவதில்லை, ஆளும் குறைவாகத் தேவை. செப்டம்பரில் கடையைத் தாங்கியது அதுதான். சரக்கை வரி முத்திரையோடு விநியோகஸ்தரிடம் மட்டுமே வாங்குங்கள். பின்கதவில் மலிவாகக் கொண்டுவருபவரிடம் ஒரு பாட்டில்கூட வேண்டாம். 2020இல் அந்நாட்டில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காலியான ரம் பாட்டில்களை முழுசாகக் குப்பையில் போடாமல் லேபிளைக் கீறி உடைத்துப் போடுங்கள். முழுப் பாட்டிலைப் பொறுக்கி மறுபடி நிரப்புபவர்கள் இருக்கிறார்கள்.

நேரக் கணக்கு கபரேத்தேயில் காற்றைப் பொறுத்தது. காலையில் கடல் அமைதியாக இருக்கும். என்குவென்த்ரோ கடற்கரையில் சர்ஃபிங் முடித்தவர்கள் ஒன்பது, பத்து மணிக்குப் பசியோடு வருவார்கள். நண்பகலுக்குமேல் காற்று ஏறும். கைட் ஆட்கள் எல்லாம் தண்ணீரில். மணல் பறந்து தட்டில் விழுவதால் வெளி மேசையில் யாரும் உட்கார மாட்டார்கள், குடைகளும் நிற்காது. ஐந்து மணிக்குக் காற்று தணியும்போதுதான் வியாபாரம். நான் மதியத்துக்கு முழு ஆள் போட்டு, ஒரு வருடம் சும்மா சம்பளம் கொடுத்தேன். காலை இரண்டு பேர், மாலை நான்கிலிருந்து மற்றவர்கள் என்று மாற்றியதும் மாதம் 600 டாலர் மிச்சமானது. மது விற்பனைக்கு ஞாயிறு முதல் வியாழன் வரை நள்ளிரவு, வெள்ளி சனி இரவு இரண்டு மணி என்பது 2006ஆம் ஆண்டு ஆணை. தேர்தலை ஒட்டி மதுவுக்கே தடை. அந்த நாட்களில் மீன், பழச்சாறு என்று தயாராக இருங்கள்.

வருடத்தில் பணம் வருவது டிசம்பர் நடுவிலிருந்து ஈஸ்டர் வரை. ஜூலை, ஆகஸ்ட் ஓரளவு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தெருவே காலி. புயல் காலமும் அதுவே. மார்ச் மாத இறுதியில் கையில் இருக்கும் பணம் லாபம் மாதிரித் தெரியும். அது அக்டோபர் வாடகை, டிசம்பர் பதின்மூன்றாம் மாதச் சம்பளம். நான்கு மாத நிலையான செலவை ஏப்ரலிலேயே ஒதுக்கி வையுங்கள். நான் முதல் ஏப்ரலில் புதுக் கூரை போட்டேன், அக்டோபரில் கடன் வாங்கினேன்.

2020 மார்ச் 19 அன்று நாட்டின் எல்லைகள் மூடப்பட்டன. ஜூலை 1 அன்று திறந்தார்கள், ஆனால் ஊரடங்கும் வெறிச்சோடிய கடற்கரையும்தான் மிச்சம். அந்த நாட்களில் வேலை ஒப்பந்தங்களை அமைச்சகம் வழியாக முறைப்படி நிறுத்திவைத்தவர்களுக்கு அரசின் உதவித்தொகை ஊழியர் கைக்கு வந்தது. அதற்குச் சமூகப் பாதுகாப்பில் பதிவு இருக்க வேண்டும். பதிவு செய்யாமல் வைத்திருந்த பக்கத்துக் கடை ஆட்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன். என்னிடம் கடைசிவரை இருந்த நான்கு பேருக்கும் அது கிடைத்தது. மூடும் முடிவை எடுத்ததும் அவர்களுக்குச் சேர்ந்ததைக் கட்டியதில்தான் ஃப்ரீசர் விற்ற பணத்தில் பெரும்பகுதி போனது. மேலே சொன்ன 6,000 அதற்கு முந்தைய தொகை.

வாடகை முன்பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்நாட்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் அந்தப் பணத்தை வேளாண் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். என் வீட்டுக்காரர் போடவில்லை, நானும் ரசீது கேட்கவில்லை. கடைசி மாதம் இரண்டு மாத முன்பணத்தைத் திரும்பக் கேட்டபோது சுவர், குழாய், வண்ணம் என்று கணக்கு வந்தது, பணம் வரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே அந்த வங்கி ரசீதின் நகல், சுவர் முதல் குழாய் வரை எடுத்த தேதியிட்ட படங்கள், மின் மீட்டர் எண், பழைய கடையின் வரி பாக்கி இல்லை என்ற சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு பாக்கி இல்லை என்ற சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, வழக்கறிஞர்-நோட்டரி கையெழுத்தோடு ஒரு பிரதி உங்கள் நாட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடலோர ஈரத்தில் காகிதமும் பூஞ்சை பிடிக்கும்.